இக்கடிதம் கொண்டு வருபவர்

1

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நெல்லிக்குப்பம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். பெரியப்பா மகள்.

"டேய், ஒரு லெட்டர் எழுதணும்டா. நீதான் கதை கட்டுரைன்னு எழுதுறியே. பாப்பாவுக்காக."

"என்ன லெட்டர்க்கா?"

"மெடிக்கல் காலேஜ்ல வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டுட்டானுங்க. 'எனக்கு இன்னும் உங்க காலேஜ் மேலதான் ஆசை, வேற எங்கயும் மனசு போகல'ன்னு ஒரு லெட்டர் அனுப்பணுமாம். அனுப்பாதவங்கள ஆசை இல்லன்னு நினைச்சுக்குவாங்களாம்."

நான் சிரித்தேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு வருஷம் டிகிரி, அதற்கு மேல் நுழைவுத் தேர்வு, ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத வேலை, இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம், நேர்காணலுக்கு கோட் சூட். இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை தூக்கமில்லாமல் கிடக்கும்போது மாமன்காரன் சிரித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மன்னிப்புக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

யோசித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு கடிதத்தை யாரும் அனுப்பக் கூடாது. அதைவிட முக்கியம், எந்தக் கல்லூரியும் அதைப் பிரித்துப் படிக்கக் கூடாது. 'நம்ம ஊர் ரேங்க் லிஸ்ட் ஒரு மெஷின், அமெரிக்காவில்தான் மனுஷனை மனுஷனா பார்த்து எடுக்குறான்' என்று நம்மில் பலர் பேசிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பேச்சையும் நிறுத்திக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் 'லெட்டர் ஆஃப் கன்டினியூட் இன்ட்ரஸ்ட்' என்று இதற்குப் பெயர். அங்கே ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேருகிறவர்கள் 23,000 பேர் அளவில்தான். நேர்காணல் முடிந்த பிறகு ஒரு கூட்டத்தைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டு வைப்பார்கள். ஒரே பிள்ளைக்கு நாலு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும், அது ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை விடும். விட்ட இடங்களை மே, ஜூன், ஜூலை என்று பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். அந்த இடைவெளியில் எழுதப்படுவதுதான் இந்தக் கடிதம். இதிலும் ரகம் உண்டு. 'ஆர்வமாக இருக்கிறேன்' என்பதை எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பலாம். 'கொடுத்தால் கட்டாயம் உங்களிடமே சேருவேன்' என்பதை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது சம்பிரதாயம்.

நம் ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்று கிளம்புகிற மாப்பிள்ளை வீடு. பதிலே வராமல் பெண்ணின் அப்பா தரகரிடம், 'எங்களுக்கு இன்னும் சம்மதம்தான்னு ஒரு வார்த்த சொல்லி வைங்க' என்பார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கடிதம்.

பாப்பாவிடம் பிறகு கேட்டேன். "உன் வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் என்னம்மா?"

"நம்பர்லாம் கிடையாது மாமா. லிஸ்ட்ல இருக்கேன், அவ்ளோதான்."

அங்கே பல கல்லூரிகளில் பட்டியலுக்கு வரிசை எண் கிடையாது. யாரை எப்போது கூப்பிடுவது என்பது குழுவின் விருப்பம். நான் மென்பொருள்காரன். வரிசை என்றால் முதலில் வந்தது முதலில் வெளியே போகும், இல்லாவிட்டால் எந்த விதிப்படி போகும் என்று எழுதியிருக்கும். எண்ணும் இல்லாமல் விதியும் இல்லாமல் இருப்பதற்குப் பெயர் வரிசை இல்லை, கோணிப்பை. உள்ளே கிடக்கிறவன் சத்தம் போடத்தான் செய்வான். கடிதம் என்பது அந்தச் சத்தம்.

2

எனக்கு இது வெறும் அமெரிக்கச் செய்தியாகப் படவில்லை. காரணம், அப்படி ஒரு கடிதத்தை நானும் ஒருமுறை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு ரத்தாகி, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் கொடுத்த முதல் வருடம் 2007. அந்த வருடம் பிளஸ் டூ முடித்தவன் நான். உயிரியல் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. அதுதான் கட்-ஆஃப். எனக்கு வந்த எண், ஆசைப்படவும் போதும், தவறவிடவும் போதும். கரும்புத் தோட்டத்துக்காரர் வீட்டில் டாக்டர் என்று அக்கம்பக்கம் பேச ஆரம்பித்திருந்தது. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருந்தது, எண்ணோடு.

அப்பா சும்மா இருக்கவில்லை. யாரோ சொல்லி, யாரையோ பிடித்து, கடலூரில் ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு லெட்டர்பேட் தாள் வாங்கி வந்தார். தட்டச்சு செய்த நாலு வரி. 'இக்கடிதம் கொண்டு வருபவர் எனக்கு மிகவும் வேண்டப்பட்டவர். இவருக்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே பச்சை மையில் கையெழுத்து. அந்தப் பெரிய மனிதர் என் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை, ஒரு எழுத்து பிசகியிருந்தது. நான் அவருக்கு எந்த வகையில் வேண்டப்பட்டவன் என்று இன்றுவரை தெரியாது.

ராத்திரி பஸ் பிடித்து, காலையில் கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு அலுவலகம். வாசலில் எங்களைப் போல ஏகப்பட்ட அப்பாக்கள், ஏகப்பட்ட கவர்கள். உள்ளே ஒரு ஊழியர், ஐம்பது வயதிருக்கும். கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்து அப்பாவிடமே கொடுத்தார்.

"ஐயா, லிஸ்ட் வெளிய ஒட்டியிருக்கு பாத்தீங்களா? அதுல இந்த லெட்டர எந்த நம்பர் மேல ஒட்டச் சொல்றீங்க? அங்க ஒரு புள்ளையோட பேர் இருக்குதே."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்து பட்டியல் முன்னால் நின்றோம். என் எண்ணுக்கு மேலே ஒரு பெயர், அதற்கும் மேலே ஒரு பெயர். முன்னால் இருந்தவர்கள் அரை மதிப்பெண், கால் மதிப்பெண் கூட வாங்கியவர்கள். அவர்களுடைய அப்பா என்ன செய்கிறார், யாரைத் தெரியும், எதுவும் அந்தத் தாளில் இல்லை. எனக்கு அந்த வருடம் இடம் வரவில்லை. பொறியியலுக்குப் போனேன், கோடு எழுதுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. திண்டிவனம் தாண்டியதும் சொன்னார். "கட்டிங் ஆர்டர் மாதிரிதான்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலை உண்டு. சுற்றுப்பட்டில் கரும்பு போடுகிறவர்கள் நட்ட தேதியை ஆலையில் பதிவு செய்ய வேண்டும். முற்றினவுடன் நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. பதிவுப்படி வெட்டு உத்தரவு வரும், அதற்குப் பெயர்தான் கட்டிங் ஆர்டர். தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை குறையும், காசு போகும். காத்திருப்பது கொடுமைதான். ஆனாலும் பக்கத்து வயல்காரன் என்றைக்கு நட்டான் என்று ஊருக்கே தெரியும். முறை தப்பினால் கேள்வி கேட்க ஒரு தேதி இருக்கிறது, ஒரு சீட்டு இருக்கிறது. அப்பா படிக்காதவர் என்றாலும் பட்டியல் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைப் பாசத்தில் இரண்டு நாள் மறந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

3

'முழு மனிதனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது' என்பது நமக்குப் புதிது மாதிரி சிலர் பேசுகிறார்கள். நாம் அதைச் செய்து பார்த்து, நீதிமன்றத்தில் அடி வாங்கி, விட்டவர்கள்.

1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண் வைத்திருந்தார்கள். எதற்கெல்லாம் மதிப்பெண் என்று பாருங்கள். விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, படிப்புக்கு வெளியே செய்த சேவை, உடல்வலு, பொதுத் திறமை, மருத்துவத்துக்கான நாட்டம். ஐந்து தலைப்பு. இன்றைக்கு ஒரு அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் விளம்பரப் பக்கத்தில் போட்டால் அப்படியே பொருந்தும். பெரியகருப்பன் என்ற மாணவரின் பெயரால் அறியப்படும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து ஆள் எடுத்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. நேர்காணலில் ஐந்து தலைப்புக்கும் பிரித்துப் போடாமல் மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டதையும் கண்டித்தது. மொத்தமாக ஒரு எண் என்றால் என்ன அர்த்தம்? 'பையன் பரவாயில்லை' என்று குழுவுக்குத் தோன்றியது என்று அர்த்தம். யாருக்கு எதனால் தோன்றியது என்று கேட்க வழியில்லை.

பத்து வருடம் கழித்து, 1980இல், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கு. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. இரண்டு மூன்று நிமிடம் பேசி அந்த ஐம்பதைப் போட்டிருந்தார்கள். பெற்றோர் யார், எந்த ஊர் என்கிற மாதிரிக் கேள்விகள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது நியாயமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு நிமிடத்தில் ஒரு முழு மனிதனைப் பார்த்துவிட முடியும் என்றால் அவன் அப்பாவைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

காமராஜர் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நடந்ததா என்று சான்றோடு நிறுவ என்னால் முடியாது, ஆனால் தமிழ்நாட்டில் கேட்காத ஆள் இருக்க முடியாது. முதலமைச்சர் விருப்பப்படி நிரப்பச் சில மருத்துவ இடங்கள் இருந்தன, விண்ணப்பக் கட்டு வந்தது, சடசடவென்று புரட்டி எடுத்துக் கொடுத்துவிட்டார். எதை வைத்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கைநாட்டு இருந்ததை எல்லாம் எடுத்தேன் என்றாராம்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஏன் தொண்டை அடைக்கிறது? கைநாட்டு வைத்த அப்பனால் ஒரு கடிதம் எழுத முடியாது என்பதுதான் கதையின் மையம். எழுதத் தெரியாதவன் பிள்ளைக்காக ஒருவர் பட்டியலைப் புரட்டினார். அமெரிக்கக் கடிதம் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. நன்றாக எழுதத் தெரிந்தவன், எழுதித் தர மாமன் இருக்கிறவன், எழுதித் தர ஆள் வைக்கக் காசிருக்கிறவன் ஒரு படி மேலே.

ஒன்றையும் கவனியுங்கள். கதை நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும் அது காமராஜர் இருக்கும்வரைதான் நல்லது. அதே கட்டு, அதே அதிகாரம், வேறு ஆள் கையில் போனால் கைநாட்டு விண்ணப்பம்தான் முதலில் குப்பைக்குப் போகும். அதனால்தான் நல்லவர் விருப்பத்தைக்கூட நம்பாமல் விதி கேட்டோம்.

4

அமெரிக்காவுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோசன்' என்ற தடித்த புத்தகம் இதைத்தான் சொல்கிறது. 1920கள் வரை ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் பெரும்பாலும் தேர்வு வைத்து ஆள் எடுத்தன. யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் தேர்வில் தேறி வந்து குவிந்தார்கள். உடனே 'குணம்', 'ஆளுமை', 'தலைமைப் பண்பு' எல்லாம் தேவைப்பட்டன. பரிந்துரைக் கடிதம், நேர்காணல், புகைப்படம் எல்லாம் விண்ணப்பத்துக்குள் வந்தன. ஆட்களை உள்ளே விடுவதற்காக வைத்த கதவு என்று நாம் நினைப்பது, முதலில் சிலரை வெளியே நிறுத்த வைத்த கதவு.

நூறு வருடம் கழித்து, 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஹார்வர்ட் வழக்கில் ஒரு தகவல் வெளியானது. அங்கே விண்ணப்பதாரர்களுக்கு 'தனிப்பட்ட பண்பு' என்று ஒரு மதிப்பெண் உண்டு. ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அதில் சராசரி குறைவாக இருந்தது. அந்தத் தீர்ப்பு இட ஒதுக்கீட்டுப் பார்வையையே ஒழித்தது, அதை நான் கொண்டாடவில்லை. ஆனால் அக்கா மாதிரி ஆட்கள் யோசிக்க வேண்டியது, 'முழு மனிதனைப் பார்க்கும்' கண்ணாடியில் நம் பிள்ளைகள் எப்படித் தெரிகிறார்கள் என்பதை.

மருத்துவத்திலேயே ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரியில் 100 இடத்தில் 16 இடம் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியதை எதிர்த்து ஆலன் பாக்கி வழக்குப் போட்டு 1978இல் ஜெயித்தார். உலகம் முழுக்க அந்த 16ஐப் பற்றித்தான் பேசியது. அதே கல்லூரியில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு டீன் தன் அதிகாரத்தில் இடம் வாங்கிக் கொடுத்த கதையும் அப்போதே வெளியே வந்தது. அதற்காக யாரும் உச்ச நீதிமன்றம் போகவில்லை. எண்ணாக எழுதிவைத்த சலுகைமேல் வழக்குப் போடலாம், காதில் சொன்ன சலுகைமேல் என்ன வழக்குப் போடுவது?

5

இனி என்னிடம் வாதாடியவர்கள். மூன்று பேர்.

முதலாமவர் என் அலுவலக நண்பர். "பயாலஜில சென்டம் வாங்குனவனுக்கு நோயாளி மேல இரக்கம் இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றார். ஒரு நிச்சயமும் கிடையாது. ஆனால் இரக்கத்தைக் கடிதம் எப்படி அளக்கும்? கடிதம் அளப்பது கடிதம் எழுதும் திறமையை. இப்போது அதுவும் போய்விட்டது. என் தொழில் என்ன என்று எனக்குத் தெரியும். 'பணிவாகவும் உறுதியாகவும் 300 சொல்லில் எழுது' என்று ஒரு வரி தட்டினால் சாட்ஜிபிடி எழுதித் தரும், கல்லூரி பெயரை மட்டும் மாற்றி நானூறு கடிதம் எடுக்கலாம். அப்படித் தெரியாமல் எழுதித் தர ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆக, மிஞ்சியிருக்கும் ஒரே தகவல், யாரிடம் அந்த டாலர் இருக்கிறது என்பது. லிஃப்ட் பட்டனை எல்லோரும் பத்துத் தடவை அழுத்தினால் லிஃப்ட் சீக்கிரம் வராது, பட்டன்தான் தேயும்.

"நீ மட்டும் யோக்கியமா? வேலைக்குச் சேர்ந்ததே ரெஃபரல்லதான?" என்றும் அவர் கேட்டார். உண்மை. என் முதல் வேலை கல்லூரி சீனியர் ஒருவர் பெயர் சொல்லி அனுப்பியதில் கிடைத்தது. கம்பெனி தன் காசில் தனக்கு வேண்டியவனை எடுக்கிறது, தப்பான ஆளை எடுத்தால் நஷ்டம் அதற்கு. மருத்துவ இடம் அப்படி இல்லை. அதை உருவாக்கியது பொதுப்பணம், அதன் பலனும் நஷ்டமும் வரப்போவது மூன்றாவது ஆளுக்கு, ஓ.பி. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு.

இரண்டாமவர் கொஞ்சம் கூர்மையான ஆள், ஊரில் பள்ளி ஆசிரியர். "லிஸ்ட் லிஸ்ட்டுங்கிறியே, நீட் லிஸ்ட் யோக்கியமா?" என்றார். இல்லை. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதாவுக்கு 2017இல் அந்தப் பட்டியல் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். கோச்சிங்குக்குக் கட்டும் பணமும், இரண்டாம் முறை மூன்றாம் முறை எழுத வீட்டில் உட்கார வைக்கும் வசதியும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. ரேங்க் லிஸ்ட் தானாகவே நியாயமாகிவிடாது.

ஆனால் அந்தக் காயத்துக்கு என்ன மருந்து போட்டோம் என்று பாருங்கள். நீதிபதி கலையரசன் குழு ஆராய்ந்தது, 2020இல் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. அதற்கு முந்தைய ஆண்டு விரல் விட்டு எண்ணும்படி இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அந்த ஆண்டே மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் முந்நூறைத் தாண்டினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட 'உங்கள் கல்லூரிமேல் எனக்கு இன்னும் ஆசை' என்று எழுத வேண்டியிருக்கவில்லை. பட்டியல் கோணலாக இருந்தால் விதியைத் திருத்த வேண்டும். பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு திறந்துவிட்டால் அதில் முதலில் நுழைகிறவன் குழுமூர்ப் பிள்ளையாக இருக்க மாட்டான்.

பட்டியலால் பிரிக்கவே முடியாத கட்டம் வரும் என்பதும் உண்மைதான். அதற்கும் நம்மிடம் வழி இருந்தது. கட்-ஆஃப் சமமாக இருந்தால் உயிரியல் மதிப்பெண், அதுவும் சமம் என்றால் வேதியியல், பிறகு நான்காவது பாடம், பிறந்த தேதி. எல்லாமே சமம் என்றால் கடைசியில் ரேண்டம் எண். விண்ணப்பித்த எல்லோருக்கும் கம்ப்யூட்டர் ஒரு எண் கொடுத்து முன்கூட்டியே வெளியிட்டார்கள். 'அதிர்ஷ்டத்துல டாக்டர் ஆவுறதா' என்று அப்போது கேலி பேசினோம். இன்றைக்கு எனக்கு அது தமிழ்நாடு அரசு செய்த மிக நேர்மையான காரியங்களில் ஒன்றாகப் படுகிறது. இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் எண் அது. நெதர்லாந்தில் பல பத்தாண்டுகள் மருத்துவ இடங்களையே மதிப்பெண் எடையோடு குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். 2017இல் கைவிட்டார்கள். நேர்காணலும் கடிதமும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகமாகப் போகிறது என்ற விவாதம் எழுந்து, சில ஆண்டுகளில் குலுக்கலுக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தார்கள்.

மூன்றாவது ஆள் பாப்பாதான். அவள் சொன்னதுதான் என்னை வாயடைக்க வைத்தது. "மாமா, நீங்க சொல்றது கரெக்ட்டாவே இருக்கட்டும். எல்லாரும் அனுப்புறாங்க. நான் ஒருத்தி மட்டும் அனுப்பாம இருந்தா ரூல் மாறிடுமா? நான் மட்டும்தான் வெளிய நிப்பேன்."

6

அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதில் சிதம்பரத்தில் கிடைத்தது, எங்கள் ஊரிலிருந்து கடலூர் வழியாக ஒன்றரை மணி நேர பஸ்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கியது. நிதி நெருக்கடியால் 2013இல் பல்கலைக்கழகத்தை அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் பழையபடியே இருந்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் ரூபாய் சொச்சம் கட்டினால், இங்கே எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்ட வேண்டும். ஆளுகிற கையும் அரசு, போர்டும் அரசு, ரசீது மட்டும் தனியார்.

அந்தப் பிள்ளைகள் என்ன செய்திருக்கலாம்? ஒவ்வொருத்தரும் தனித்தனியாகப் போய், 'ஐயா, என் அப்பா விவசாயி, எனக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு மனு எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்தவர்கள்தான். பத்துப் பேருக்குக் குறைத்தும் இருப்பார்கள். அவர்கள் அதைச் செய்யவில்லை. 2020 டிசம்பரில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலம், பயிற்சி மருத்துவர்கள் பகலில் வார்டும் பார்த்துவிட்டுப் போராட்டத்துக்கும் வந்தார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னபோதும் கலையவில்லை. ஐம்பது நாளைத் தாண்டியது. 2021 தொடக்கத்தில் அரசாணை வந்தது. கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி ஆனது, மற்ற அரசுக் கல்லூரிக் கட்டணமே இங்கேயும் என்றானது.

அவர்கள் கேட்டது சலுகை இல்லை, ஒரு விதி. தெருவில் உட்கார்ந்து கேட்டதால் கேட்காதவனுக்கும் கிடைத்தது. அடுத்த வருடம் சேர்ந்த, அந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேள்வியே படாத பிள்ளைக்கும் கிடைத்தது. மூடிய கவரில் எனக்காக மட்டும் நான் எழுதும் கடிதம் நல்லபடியாகப் பலித்தால், என் இடத்துக்கு வரவேண்டிய முகம் தெரியாத ஒருவர் வெளியே நிற்பார். வித்தியாசம் இதுதான், இவ்வளவுதான்.

இது படிப்போடு முடிவதும் இல்லை. ஐந்து வருடம் முன் என் பாட்டியை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார், போனில் யாரையோ பேச வைத்து, போனை உள்ளே கொடுத்தார், கூப்பிட்டார்கள், போனார். பாட்டி டோக்கனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நமக்கு யாரையும் தெரியாதாடா?" என்றாள். உள்ளே இருந்த டாக்டர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கேட்கிறவனுக்குக் கொடுப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். தானும் கேட்டு வாங்கித்தான் உள்ளே வந்தேன் என்று ஒரு டாக்டர் தலைமுறையே நம்பினால், கேட்கத் தெரியாத கிழவியின் டோக்கன் என்றைக்குமே கடைசிதான்.

7

அக்காவுக்கு என் பதிலைச் சொன்னேன். "நான் எழுதித் தரமாட்டேன்க்கா." அவள் ஒரு வாரம் பேசவில்லை. பெரியப்பா வீட்டில் என் பெயர் கொஞ்சம் கெட்டது. 'சொந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா இப்பிடிப் பேசுவானா' என்று பெரியம்மா கேட்டதாகத் தகவல் வந்தது. நியாயமான கேள்வி. என் அப்பாவே என் விஷயத்தில் பேசவில்லையே, கடலூரில் இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்தாரே.

பாப்பாவிடம் தனியாகப் பேசினேன். அனுப்பாதே என்று அவளுக்கு உத்தரவு போடும் யோக்கியதை எனக்கில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணை மட்டும் தியாகியாக்கி, கடிதம் கேட்கிற கல்லூரியை விட்டுவிடுவது கோழைத்தனம். என் சண்டை அவளோடு இல்லை. 'எங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் படிக்க மாட்டோம்' என்று வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவக் கல்லூரிகள் அங்கேயே சில இருக்கின்றன. அவைதான் சரி. எல்லாக் கல்லூரியும் அதைச் சொல்லட்டும், காத்திருப்போர் பட்டியலுக்கு எண் போட்டு ஒட்டட்டும், சமம் என்றால் குலுக்கட்டும். அதுவரைக்கும் எழுதுகிற பிள்ளையைவிடப் படிக்கிற அலுவலகம்தான் குற்றவாளி.

அவளிடம் இரண்டே இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். ஒன்று, விண்ணப்பத்துக்குப் பிறகு புதிதாக ஏதாவது நடந்திருந்தால், மதிப்பெண் வந்திருந்தால், அந்தத் தகவலைக் கல்லூரி கொடுத்திருக்கும் படிவத்தில் போடு, அதில் தப்பே இல்லை. ஆசை, கனவு, உங்கள் கல்லூரிதான் என் உயிர் என்று இல்லாத காதலை எழுதாதே. இரண்டாவது, நாளைக்கு நீ டாக்டராகி அந்த மாதிரி ஒரு குழுவில் உட்கார்ந்தால், கவரைப் பிரிக்காதே.

"ரெண்டாவது ஈஸி மாமா," என்றாள். "மொதல்ல நான் டாக்டர் ஆகணுமே."

சிரித்தோம். இந்த முறை இரண்டு பேரும்.

கீழ்ப்பாக்கத்தில் அப்பாவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்ட அந்த லெட்டர்பேட் தாள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய ரேஷன் கார்டு, கரும்புப் பதிவுச் சீட்டுகளோடு தகரப் பெட்டியில் கிடக்கிறது. பச்சை மை மங்கிவிட்டது. அப்பா அதைக் கிழித்துப் போடவில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"அந்த ஆளு அன்னிக்கு இத வாங்கி வச்சிருந்தா, யாரோ ஒரு புள்ள நம்மளத் திட்டிக்கினு இருக்கும்டா," என்றார்.